கை இறங்கும் வரை

கோம்பாக்
3 ஜூலை 2017

லோங்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கவரைக் கிழிச்சுப் போடாம இந்த வரி வரைக்கும் வந்துட்டீங்கன்னா, பக்கத்துல காக் லோங் உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். காக் லோங், நல்லா இருக்கீங்களா? உங்க வீட்டுக்காரரை முழுசாப் படிக்கச் சொல்லுங்க.

என் நம்பரை நீங்க தடுத்து வெச்சிருக்கீங்க. வீட்டு ஃபோன்ல என் குரல் கேட்டதும் வெச்சிடுறீங்க. முன்னெல்லாம் ஸஹாரா அக்கா நடுவுல இருந்தா. நீங்க சொன்னதுல பாதியை முழுங்கிட்டு, நான் சொன்னதுல மீதியை முழுங்கிட்டு, ரெண்டு பேர்கிட்டயும் நல்ல வார்த்தையா நாலு வார்த்தை கொண்டுவந்து கொடுப்பா. அவளும் போயிட்டா. கூடப் பொறந்தவங்கன்னு மிச்சம் நீங்களும் நானும்தான். நடுவுல இப்ப தபால்காரர்.

இந்தப் பெருநாளும் போயிடுச்சு. நீங்க மூத்தவர், லோங்; நான் கடைக்குட்டி, சூ. சின்னவன்தான் பெரியவர் வீடு தேடிப் போய்க் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும். தெரியாம இல்லை. போன வருஷம் பெருநாளன்னிக்கு மூவாருக்கு வந்தேன் லோங். உங்க கார் வாசல்ல நின்னுது. கதவு சாத்தியிருந்துது. ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். மூணாவது தடவையும் சொன்னேன். மூணுக்கும் பதில் வரலைன்னா திரும்பிப் போயிடணும்னு அப்பா சொல்லிக் கொடுத்ததுதானே. திரும்பிட்டேன். பெருநாளன்னிக்குப் பெட்ரோல் பங்க்ல பன் ரொட்டி வாங்கித் தின்னவன் ஜொகூர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வரேன். செப்டம்பர்ல நானும் நோர்மாவும் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போறோம். மகளுக்குக் குழந்தை பொறக்கப்போகுது, கூட இருக்க ஆள் வேணும். இங்க வீட்டை வித்தாச்சு. திரும்பி வர்ற யோசனை இல்லை. நாப்பத்தாறு வயசுதான் ஆகுது, ஆனா எழுபது வயசுக்காரன் மாதிரி அலுத்துப் போச்சு.

போறதுக்கு முன்னாடி மூவார்ல ஒரு சாயங்காலம் வாசிக்கிறேன். ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, ஆத்தோர மண்டபத்துல. காம்புஸ் தந்தியில ஜாஸ். பூன் கெங் பியானோ வாசிக்கிறார், கூட டபுள் பேஸும் டிரம்ஸும். அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு மஃரிப் பாங்குக்கு முன்னாடி முடிச்சே ஆகணும்னு மண்டபத்துக்காரர் கண்டிப்பாச் சொல்லிட்டார். எங்கெங்கேயோ வாசிச்சிருக்கேன். நம்ம ஊர்ல ஒரு தடவைகூட வாசிச்சதில்லை.

முன்வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன். வாங்க லோங். வந்து திட்டணும்னாலும் சரி, வாங்க. இதுக்கப்புறம் எப்பப் பாக்கப்போறோம்?

சூ


மூவார்
12 ஜூலை 2017

தர்மிஸி,

வ அலைக்கும் ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். அதற்கு மேல் அதில் எதையும் தேடாதே.

கடிதம் கிடைத்தது. வாயில் வருவதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாய். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் வரலாறும் ஒழுங்கான வாக்கியமும் சொல்லிக்கொடுத்தவனின் தம்பி நீ. போகட்டும்.

போன பெருநாளுக்கு நீ வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியும். உள்ளேதான் இருந்தேன். மூன்று ஸலாமும் காதில் விழுந்தன. உன் காக் லோங் சல்பியா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்; அவள் இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும். நான் திறக்கவில்லை. ஏன் என்று தெரியாதவன் போல எழுதுகிறாயே, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். என் கல்யாண விருந்து. மாப்பிள்ளை ஸாப்பின் ஆடியே தீர வேண்டும் என்று பெண் வீட்டார் பிடித்துத் தள்ளினார்கள். அப்பாவுக்கு அன்று விரலில் அடி. அதனால் காம்புஸ் உன் மடிக்கு வந்தது. உனக்குப் பதினேழு வயது. நான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றதை உயர்த்தி, இரண்டு கையையும் கூப்பி நெற்றிக்குக் கொண்டுபோனேன். நீ தக்சிம் வாசிக்கத் தொடங்கினாய்.

தக்சிமின் சட்டம் இந்த ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். காம்புஸ் தனியாகப் பேசும் நேரம் அது. என்ன பேசுவது என்பது வாசிப்பவன் இஷ்டம். எப்போது முடிப்பது என்பது அவன் இஷ்டம் இல்லை. ஆடுபவனின் கை இறங்கும் வரை காம்புஸ் நிற்கக் கூடாது. கை இறங்கிய பிறகுதான் மேளம் விழ வேண்டும். என் கை நெற்றியில் இருக்கும்போதே நீ முடித்தாய். மேளம் விழுந்தது. பதறி எழுந்தேன். இடுப்பில் சுற்றியிருந்த சம்பிங் துணி அவிழ்ந்து காலில் சிக்கியது. புதிதாகப் போட்ட ரப்பர் விரிப்பில் வழுக்கிக்கொண்டு மணமேடை வரை போனேன். என் மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாகும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து நான் சறுக்கு சூரி. ஷம்சூரி என்ற பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. நான் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது காலைத் தரையில் தேய்ப்பான். வகுப்பே சிரிப்பை அடக்கும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் தலைமையாசிரியர்கள் ஆனார்கள். சறுக்கு சூரியை எவன் தலைமையாசிரியர் ஆக்குவான்? முதுகலைக்கு நான் ஸாப்பினைப் பற்றி எழுதிய ஆய்வை என் பேராசிரியர் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டார். அதைக் கேட்கப் போன இடத்திலும் ஒருவன் சிரித்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. நீ சொன்னது எனக்கு மனப்பாடம். "என் அண்ணன் தன் கல்யாணத்திலேயே ஸாப்பின் ஆடி விழுந்தவர். தக்சிமைச் சட்டுனு நிறுத்தினா என்ன நடக்கும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். என் ஜாஸ் அங்கதான் ஆரம்பிச்சுது." மூவாருக்குள் இருந்த சறுக்கு சூரியை நீ நாட்டுக்கே கொடுத்தாய். காப்பிக் கடையில் அந்தப் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். நான் காப்பி குடிக்க இன்றும் ஆற்றைத் தாண்டிப் போகிறேன்.

இன்னொன்று. அப்பாவின் காம்புஸில் நீ துளை போட்டிருக்கிறாய். ஒரே பலாக் கட்டையில் குடைந்தது. ஒலிபெருக்கிக்கு வயர் செருகுவதற்காம். படத்தில் பார்த்தேன்.

நான் வரமாட்டேன். அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை.

ஷம்சூரி


கோம்பாக்
20 ஜூலை 2017

லோங்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உள்ள இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. கார் இருந்துதே, எனக்கும் தெரியும். ஆனா தெரியறது வேற, உங்க கையெழுத்துல படிக்கறது வேற. நோர்மாகிட்ட காட்டலை.

கல்யாணத்தைப் பத்தி நீங்க பேசினா நானும் பேசுவேன். நீங்க கையை இறக்கவே இல்லை லோங்! பெண் வீட்டுக்காரங்க பாக்கறாங்கன்னு சிலை மாதிரி உக்காந்திருந்தீங்க. எனக்குத் தெரிஞ்ச தக்சிம் எல்லாத்தையும் வாசிச்சுட்டேன். ரெண்டாவது சுத்தும் வாசிச்சுட்டேன். பதினேழு வயசுப் பையன்கிட்ட அதுக்கு மேல என்ன இருக்கும்? மர்வாஸ் மேளம் வாசிக்கிற மாமா "என்னடா, உன் அண்ணன் தூங்கிட்டாரா?"ன்னு காதுல கேட்டார். சிரிப்பு வந்துடுச்சு. விரல் நின்னுடுச்சு. இதுதான் நடந்தது.

பேட்டி விஷயம். பேட்டி எடுத்த பொண்ணுகிட்ட நான் சொன்னது அதோட முடியலை. "அவர் எந்திரிச்சார். ஒரு கையால துணியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே கையால கடைசி வரைக்கும் ஆடினார். தாளம் தப்பலை. அப்படி ஒண்ணை நான் அதுக்கப்புறம் எங்கயும் பாக்கலை"ன்னு சொன்னேன். ஜாஸ் அங்க ஆரம்பிச்சுதுன்னு சொன்னது அதைத்தான். நான் நிறுத்தினதை இல்லை, நீங்க எந்திரிச்சதை. இடம் போதலைன்னு அதை வெட்டிட்டாங்க. அப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லப் பாத்தேன். நீங்கதான் எடுக்கலையே. நம்பமாட்டீங்க, தெரியும்.

நான் ஏதோ பெரிய ஆளாயிட்டேன்னு நினைக்கிறீங்க. போன மாசம் ஒரு அடுக்குமாடி வீட்டு விற்பனை விழாவுல வாசிச்சேன். அத்தனை பேரும் ஸாத்தே இறைச்சிக் குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தர் வந்து, "தம்பி, அந்த மாண்டலின்ல பிறந்தநாள் பாட்டு வருமா?"ன்னு கேட்டார். வரும்னு சொல்லி வாசிச்சேன். ஜாஸ்காரங்க இது ஜாஸ் இல்லைங்கறாங்க. காம்புஸ்காரங்க இது காம்புஸ் இல்லைங்கறாங்க. பூன் கெங்கோட பியானோவுல ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கற ஸ்வரமெல்லாம் என்கிட்ட இருக்கு. அவரால அங்க வர முடியாது, என்னால அதை விட முடியாது. இருபது வருஷமா ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டு விட்டு வாசிக்கிறோம். அவருக்கும் அலுத்துப்போச்சு.

துளை போட்டது உண்மை. டிரம்ஸுக்குப் பக்கத்துல ஆட்டுத்தோல் போட்ட காம்புஸ் என்ன கத்தினாலும் கேக்காது. அதைப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் துளைக்கருவியை எடுத்து எடுத்துக் கீழ வெச்சேன். இதையும் நம்பமாட்டீங்க.

காக் லோங்கையாவது அனுப்பி வையுங்க.

சூ


மூவார்
2 ஆகஸ்ட் 2017

தர்மிஸி,

வ அலைக்கும் ஸலாம்.

வெட்டிவிட்டார்கள் என்கிறாய். இருக்கலாம். பத்திரிகைக்காரர்கள் எதையும் செய்வார்கள். ஆனால் வெட்டினால் எது மிஞ்சும் என்று யோசித்துப் பேசுவதற்குத்தான் மனிதனுக்கு மூளை. நீ முதலில் சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு புகழ்ந்திருக்கிறாய். முதலில் புகழ்ந்திருந்தால் அதுவே மிஞ்சியிருக்கும்.

நான் கையை இறக்கவில்லை என்று குற்றம் சொல்கிறாய். இறக்க நேரம் வரவில்லை. அவ்வளவுதான்.

உன் கடிதத்தைச் சல்பியா எடுத்துப் படித்தாள். சமையலறையில் மீனை அப்படியே விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு கையால ஆடினீங்கதானே. அவன் சொல்றது சரிதானே."

"உனக்கு என்ன தெரியும்? நீ குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய்."

"எங்க குனிஞ்சேன்? விசிறிக்குப் பின்னால சிரிச்சுக்கிட்டிருந்தேன். அதுவரைக்கும் உங்களைப் பாத்தாலே பயமா இருந்துது. படிச்ச மாப்பிள்ளை, வாத்தியார், முகத்துல ஒரு சிரிப்புகூட இல்லை. இவரோட எப்படிக் காலம் தள்ளறதுன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். என் காலடியில வந்து விழுந்தீங்க பாருங்க, அப்பத்தான் சரி, இவரும் மனுஷன்தான்னு தோணுச்சு."

இருபத்தொன்பது வருடம் கழித்து இதைச் சொல்கிறாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஊரே சிரித்தது போதாதென்று, அந்தச் சிரிப்பில்தான் என் குடும்பமே நிற்கிறது என்கிறாள். மீன் காய்ந்துபோன பிறகுதான் எழுந்து போனாள்.

என் முழங்கால் போய்விட்டது. உனக்குத் தெரிந்திருக்காது. தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகப் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். இரு பக்கமும் எண்பது வயதுக் கிழவர்கள். ஒருவர் தொழுகை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் பேரன் பேத்தியெல்லாம் பெரிசாயிருப்பாங்களே?" என்று கேட்டார். எனக்கு ஐம்பத்துநான்கு வயது.

ஆகவே, வருவதாக இருந்தாலும் உன் முன்வரிசையில் இரண்டு மணி நேரம் காலை மடக்கி என்னால் இருக்க முடியாது. வருவதாக இல்லை. சல்பியா வருகிறாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் கொண்டுவந்து விடுவேன். காரில் இருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அப்பாவின் ஸாப்பினை அந்தக் கூட்டத்தோடு வாசிக்காதே. என் காதில் விழுந்தால் அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். சல்பியா பஸ்ஸில் வரட்டும்.

ஷம்சூரி


கோம்பாக்
9 ஆகஸ்ட் 2017

லோங்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெட்டி கட்டிக்கிட்டிருக்கோம். எழுத மேசை இல்லை, அட்டைப்பெட்டி மேல வெச்சு எழுதறேன்.

அப்பாவோட ஸாப்பினை வாசிப்பேன். கடைசியா வாசிப்பேன். இதுல உங்க பேச்சைக் கேக்க முடியாது. அவர் எனக்கும் அப்பாதான்.

ஆனா தக்சிம் உங்க கையில. நீங்க உள்ள வரலைன்னா தக்சிம் கிடையாது. நேரா மேளத்தோட ஆரம்பிச்சு முடிச்சுட்டுப் போயிடுவேன். கும்பிட ஆள் இல்லாம தக்சிம் எதுக்கு?

முழங்கால் விஷயம் எனக்குத் தெரியாது லோங். ஸஹாரா இருந்திருந்தா சொல்லியிருப்பா.

சூ


மூவார்
21 ஆகஸ்ட் 2017

சூ,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளிக்கிழமை உங்கள் வேன்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். எதையும் பேச நேரம் இல்லை. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

முதலில் குறைகள். அந்த மண்டபத்தின் நாற்காலிகள் மனிதர்களுக்காகச் செய்தவை அல்ல. ஒலிபெருக்கிக்காரனுக்குக் காது கேட்கவில்லை. டிரம்ஸ்காரர் நல்லவராகத் தெரிகிறார், ஆனால் கதவைத் தட்டுகிறவர் மாதிரி வாசிக்கிறார். ஆற்றுக் காற்றின் ஈரத்தில் உன் காம்புஸின் தோல் தளர்ந்து, முதல் இரண்டு பாட்டுக்கும் ஜலதோஷம் பிடித்தவன் குரலில் பேசியது. நீ இடையில் நிறுத்தி அதை விளக்குச் சூட்டில் காட்டினாய். அதை ஆரம்பிக்கும் முன்பே செய்திருக்க வேண்டும். அப்பா செய்வார். பூன் கெங்கிடம் எனக்குக் குறை இல்லை. நீ வருவதற்கு இடம் விட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். காரில் சூடு தாங்கவில்லை. சன்னலை இறக்கினேன், கேட்டது. பாதிதான் கேட்டது. பாதி கேட்பது ஒன்றும் கேட்காததைவிட மோசம். இறங்கி வாசல் வரை வந்து நின்றேன். மழை வரும்போல இருந்ததால் குடையோடு. வாசலில் நிற்பது உள்ளே வந்ததாகாது.

நீ என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே. "இது எங்க அப்பாவோட பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாய், பார்த்தாய், தக்சிம் தொடங்கினாய். போய்விடுவேன் என்று எழுதியிருந்தேன். வண்டிச் சாவியும் கையில்தான் இருந்தது.

முதலில் அப்பாவின் வழியில் போனாய். அவர் நிற்கும் இடங்களில் நின்றாய். ஒரு தக்சிமுக்கு அவ்வளவு போதும். நீ நிறுத்தவில்லை. அதன் பிறகு போனது அப்பாவின் வழி இல்லை. எங்கேயோ ஓட்டலில், முதுகைக் காட்டி நிற்கிறவர்களுக்கு மத்தியில் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். களைத்துப்போனவன் வீடு திரும்பும்போது தெரிந்த தெருவிலேயே வழி தவறித் தவறி நடப்பது போல இருந்தது. பூன் கெங் கையைக் கட்டைகளுக்கு மேல் தூக்கினார். நீ தலையசைக்காததைப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார்.

என் பக்கத்தில் மீன் கடை மிஸ்கோன் நின்றிருந்தார். அவர் மகன் என் மாணவன்; அதனால் அவருக்கும் நான் 'சிக்கு', வாத்தியார்.

"என்ன சிக்கு, உங்க தம்பிக்கு ஆரம்பிக்கத் தெரியுது, முடிக்கத் தெரியலையா?"

"தெரியும்."

"அப்ப முடிக்கச் சொல்லுங்க சிக்கு. பாங்கு சொல்லிடப்போறாங்க. அங்க பாருங்க, மண்டபத்துக்காரர் கடிகாரத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறார்."

நின்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. சபையில் இருமல் கிளம்பியது. ஒரு குழந்தை அழுதது. இதுதான் ஜாஸ் போலிருக்கிறது என்று இரண்டு பேர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முடிக்க வேண்டியவன் நீ இல்லை என்று அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் உனக்கு. வாசலில் எனக்கு. முன்வரிசையில் சல்பியாவுக்கும் தெரிந்திருக்கிறது. நாற்காலியில் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் இன்னொரு தடவையா என்று. பிறகு உன் கையைப் பார்த்தேன். உன் விரல்களும் கிழடாகிவிட்டன சூ. ஒரு கட்டத்தில் உன்னிடம் வாசிக்க எதுவும் மிச்சம் இல்லை. ஒரே தந்தியை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாய். அப்போதும் நிறுத்தவில்லை.

குடையைச் சுவரில் சாய்த்தேன். செருப்பைக் கழற்றினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு வருடமாகத் தரையைத் தொடாத முழங்கால் அது. படைத்தவனுக்கு முன்னாலேயே நாற்காலியில்தான் உட்காருகிறேன். பாதி வழியில் அது என்னைக் கைவிட்டது. மீதியைப் பூமி பார்த்துக்கொண்டது. தொப்பென்று விழுந்த சத்தம் உனக்கே கேட்டிருக்கும். "சிக்கு! சிக்கு!" என்று மிஸ்கோன் பதறினார். "சும்மா இருங்கள்" என்றேன். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, எந்த ஸாப்பினிலும் இல்லாத ஒரு கோலத்தில் உட்கார்ந்து கையைக் கூப்பி நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

உடனே இறக்கவில்லை. வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்று பார்க்கத்தான்.

தாங்கினாய்.

கையை இறக்கினேன். நீ நிறுத்தினாய். மேளம் விழுந்தது. சரியாக விழுந்தது. இவ்வளவுதான் விஷயம், இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் எழுந்து போய்விடுவதாகத்தான் இருந்தேன். எழ முடியவில்லை. கடைசி வரை இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தரையிலிருந்து பார்த்தால் ஜாஸ் என்பது வெறும் கால்கள். பக்கத்தில் நின்றவர்கள் தாளம் போட்டார்கள், பாதிப் பேர் தப்பாக. அப்பாவின் பாட்டைப் பூன் கெங் கையில் எடுத்துக்கொண்டு தூரமாக எங்கோ போனார். திரும்பமாட்டார் என்று நினைத்தேன். நீ போய் அழைத்து வந்தாய். அந்த இடம் பரவாயில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கவனித்தேன். சல்பியா மட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாளா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நீ மேடையிலிருந்து வந்து ஒரு பக்கமும் மிஸ்கோன் ஒரு பக்கமும் தூக்கினீர்கள். "எந்திரிங்க லோங்" என்றாய். "மெதுவா" என்றேன். அப்போது பாங்கு சொன்னார்கள். அந்த மூன்று வார்த்தைக்கு மேல் நாம் பேசவில்லை என்று சல்பியா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் தோளில் தொங்கிய காம்புஸ் என் முகத்துக்கு நேராக வந்தது. துளையைப் பார்த்தேன். சின்னதுதான். ஓரத்தைச் சுத்தமாக இழைத்திருக்கிறாய்.

நேற்று காப்பிக் கடைக்குப் போனேன். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கடைக்கு. "வாங்க சறுக்கு சூரி" என்றான் ஒருவன். உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். காப்பி முன்பைவிட மோசமாக இருக்கிறது.

உன் நம்பருக்குப் போட்ட தடையை எடுக்கச் சொல்லிச் சல்பியா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். போடத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. நீதான் வந்து எடுக்க வேண்டும்.

விமானம் ஏறும் முன் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் நோர்மாவையும் அழைத்துக்கொண்டு வா. சல்பியா அஸம் பெடாஸ் மீன் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். வாசலில் நின்று மூன்று தடவை ஸலாம் சொல்ல வேண்டாம். ஒரு தடவை போதும். என் காது நன்றாகத்தான் கேட்கிறது.

ஆனால் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நில். நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக்கு வர எனக்கு இப்போதெல்லாம் நேரமாகிறது.

லோங்